தென்னார்க்காட்டில் ஜெர்மானியர் வரலாறும் அதைக் காக்கும் சங்கத்தின் ஆளுகையும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டு தொடங்கித் தமிழகத்திற்கு வந்த ஜெர்மானியர் ஏராளமான எழுத்துப் பதிவுகளை விட்டுச் சென்றுள்ளனர். ஆயினும் அவர்கள் வாழ்ந்த வட்டாரங்களில் அப்பதிவுகளைத் தொகுத்துக் காக்கும் உள்ளூர்ச் சங்க மரபு உருவாகவில்லை. வட அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியரோ அதே நூற்றாண்டிலேயே தமக்கெனச் சங்கம் கண்டனர். இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை ஆளுகை அமைப்பில் தேடுகிறது இக்கட்டுரை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கடலூர், மேல்பட்டாம்பாக்கம், விழுப்புரம், திண்டிவனம், ஆரோவில் ஆகிய இடங்களின் வரலாற்றை ஒப்பிட்டு, உறுப்புரிமை, சொத்துரிமை, எழுதும் உரிமை என்னும் மூன்றும் யாரிடம் இருந்தன என்பதே வரலாற்று நினைவின் போக்கைத் தீர்மானித்தது என நிறுவ முயல்கிறது. இவ்வட்டாரத்தில் ஒரு வரலாற்றுச் சங்கம் அமையுமாயின் அதன் விதிகள் எவற்றைக் கருத்திற் கொள்ளவேண்டும் என்பதும் இறுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தென்னார்க்காடு, விழுப்புரம், திண்டிவனம், லைப்சிக் மிஷன், கார்ல் ஓக்ஸ், ஆரோவில், ஆவணக் காப்பு, வட்டார வரலாறு, சங்க ஆளுகை.

முன்னுரை

தமிழகத்தில் ஜெர்மானியர் வரலாறு என்றதும் தரங்கம்பாடியே நினைவுக்கு வரும். 1706 சூலை 9-ஆம் நாள் சீகன்பால்குவும் புளூட்சௌவும் அங்குக் கரையிறங்கியதும், அச்சுக்கூடம் நிறுவப்பட்டதும், 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்ததும் அச்சு வரலாற்றிலும் மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் விரிவாகப் பேசப்பட்டவை. ஆனால் ஜெர்மானியரின் தடம் காவிரிக் கழிமுகத்தோடு நின்றுவிடவில்லை. கெடிலத்தையும் தென்பெண்ணையையும் ஒட்டிய தென்னார்க்காட்டிலும் சமயப் பணியாளராகவும் படைவீரராகவும் பின்னாளில் குடியேறிகளாகவும் அவர்கள் வந்தனர்.

தென்னார்க்காடு மாவட்டம் 1993-இல் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதி, விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதி என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. நிருவாக எல்லைகள் இவ்வாறு மாறிமாறி அமைந்தமையால், ஒரே வட்டாரத்தின் வரலாறு பல அலுவலகங்களின் ஆவணங்களில் சிதறியுள்ளது. சமயப் பணி சார்ந்த ஆவணங்களின் சிதறல் இதனினும் பெரிது. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவே. எனினும் திண்டிவனத்தில் பணியாற்றியது அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆர்க்காடு மிஷன். விழுப்புரத்தில் பணியாற்றியது ஜெர்மானிய லைப்சிக் மிஷன். அருகிலுள்ள திருக்கோவிலூரில் பணியாற்றியது டேனிய மிஷன். ஆதலால் முதலாவதன் பதிவுகள் ஆங்கிலத்தில் நியூ பிரன்சுவிக்கிலும், இரண்டாவதன் பதிவுகள் ஜெர்மனில் ஹாலேயிலும், மூன்றாவதன் பதிவுகள் டேனிய மொழியில் கோப்பன்ஹேகனிலும் பேணப்படுகின்றன. ஒரு மாட்டுவண்டிப் பயணத் தொலைவுக்குள் அடங்கும் ஊர்களின் கதையை மூன்று நாடுகளில் மூன்று மொழிகளில் படிக்கவேண்டியிருப்பது வட்டார வரலாற்று ஆய்வாளர் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல்.

ஹாலேயிலிருந்து இரு பாதைகள்

ஜெர்மனியின் ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நிறுவிய கல்வி, அறநிலையங்களிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் இரு திசைகளில் பணியாளர் புறப்பட்டனர். ஒரு பாதை தமிழகத்திற்கு வந்தது. மற்றொன்று பென்சில்வேனியாவுக்குச் சென்றது. 1742-இல் பிலடெல்பியாவை அடைந்த ஹென்றி மெல்கியோர் முலன்பர்க் முதலில் இந்தியப் பணிக்காகவே எண்ணப்பட்டவர். இரு களங்களிலிருந்தும் ஹாலேக்கு அறிக்கைகள் சென்றன. இரண்டுமே அங்குத் தொகுத்து அச்சிடப்பட்டன. அனுப்பியவர்களும் பயிற்சி முறையும் ஒன்றே. விளைவோ முற்றிலும் வேறு.

பென்சில்வேனியாவுக்கு ஜெர்மானியர் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். கப்பற் கட்டணத்திற்கு ஈடாகப் பல்லாண்டு ஊழியம் செய்யும் ஒப்பந்தத்தில் சிக்கித் துன்புற்றவர்கள் அவர்களுட் பலர். அவர்களைக் காக்கும் நோக்கத்துடன் 1764 டிசம்பர் 26-இல் பிலடெல்பியாவில் பென்சில்வேனிய ஜெர்மானியர் சங்கம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பயணிகளின் நலன் காக்கும் சட்டம் அம்மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேற இச்சங்கம் தூண்டுகோலாயிற்று. உறுப்பினர் கட்டணம், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், கணக்கு, கூட்டக் குறிப்பு ஆகியவற்றுடன் இயங்கிய இவ்வமைப்பு பின்னர் நூலகமும் கண்டது. நலம் பேணும் சங்கங்களின் வழியில் வரலாற்றைப் பேணும் சங்கங்களும் தோன்றின. பால்டிமோரில் 1886-இல் அமைந்த மேரிலாந்து ஜெர்மானியர் வரலாற்றுச் சங்கம் அவற்றுள் ஒன்று.

தமிழகத்திற்கு வந்த ஜெர்மானியர் குடியேறிகள் அல்லர், அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஆனால் அது கடலுக்கு அப்பால் இருந்தது. தரங்கம்பாடிப் பணியை ஆள 1714-இல் கோப்பன்ஹேகனில் மிஷன் குழுமம் அமைக்கப்பட்டது. பணம் டென்மார்க்கிலிருந்தும், ஆட்கள் ஹாலேயிலிருந்தும், ஒரு பகுதி உதவி இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்திடமிருந்தும் வந்தன. களத்தில் இருந்தோர்க்குத் தம் பணியின் போக்கைத் தீர்மானிக்கும் உரிமை மிகக் குறைவு. 1708-ஆம் ஆண்டின் இறுதியில் தரங்கம்பாடி ஆளுநர் ஹாசியஸ் சீகன்பால்குவைச் சிறையிலிட்டு ஏறத்தாழ நான்கு மாதம் அடைத்து வைத்தார். அது உள்ளூர் அதிகாரத்தோடு எழுந்த மோதல். தொலைவிலிருந்து வந்த நெருக்கடி அதனினும் கடியது. குழுமத்தின் செயலர் கிறிஸ்டியன் வெண்ட், பணியாளர்கள் கட்டடமும் பள்ளியும் எழுப்புவதை விட்டு எளிய அப்போஸ்தல வாழ்வை மேற்கொள்ளவேண்டும் எனக் கண்டித்து எழுதினார். சீகன்பால்கு 1719-இலும், அவருடைய உடன்பணியாளர் கிரண்ட்லர் 1720-இலும் இந்நெருக்கடிக்கிடையே மறைந்தனர். களத்தை அறியாத குழு களத்தை ஆளும்போது நேரும் இடர்ப்பாட்டுக்கு இது தொடக்கச் சான்று.

எழுதும் உரிமையிலும் இந்நிலையே நீடித்தது. தமிழகத்திலிருந்து சென்ற கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஹாலேயில் பதிப்பிக்கப்பட்டபோது, ஐரோப்பிய ஆதரவாளரின் மனப்போக்கிற்கேற்பத் தெரிவு செய்யப்பட்டும் சுருக்கப்பட்டும் வெளிவந்தன. சீகன்பால்கு 1713-இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1867-இல் வில்ஹெல்ம் ஜெர்மனின் பதிப்பாகச் சென்னையில் வெளிவந்தது. தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்து அவர் 1708-இல் உருவாக்கிய பட்டியலும் நெடுங்காலத்திற்குப் பின்னரே ஆய்வாளர் கைக்கு எட்டியது. எதை அச்சிடுவது என்னும் முடிவு எழுதியவரிடமும் இல்லை. எழுதப்பட்ட மக்களிடமும் இல்லை.

கடலூர்: முதல் தடங்கள்

தென்னார்க்காட்டில் ஜெர்மானியப் பணி 1737-இல் கடலூரில் தொடங்கிற்று. சென்னையில் பெஞ்சமின் சுல்ட்சே தொடங்கிய ஆங்கிலேய ஆதரவு பெற்ற பணியின் கிளையாகச் சர்டோரியஸும் கைஸ்டரும் இங்கு வந்தனர். தமிழில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்த சர்டோரியஸ் மறு ஆண்டே மறைந்தார். 1740-இல் பொறுப்பேற்ற கீர்னாண்டர் சுவீடன் நாட்டவர். ஆயினும் ஹாலேயில் பயின்றவர். 1758-இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கடலூரைக் கைப்பற்றியதும் அவர் கல்கத்தா சென்றார். இருபது ஆண்டுப் பணியின் தொடர்ச்சி ஒரு முற்றுகையால் அறுபட்டது.

அதே கடலூரில் கால் நூற்றாண்டுக்குப் பின் வேறு வகை ஜெர்மானியர் வந்தனர். பிரித்தானிய அரசரே ஹனோவரின் ஆட்சியாளராகவும் இருந்தமையால், கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்காக 1781-இல் ஹனோவரில் இரு காலாட்படைப் பிரிவுகள் திரட்டப்பட்டன. 1783 சூன் மாதம் கடலூரில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து ஜெனரல் ஸ்டூவர்ட் நடத்திய போரில் இவை ஈடுபட்டன. ஏறத்தாழப் பத்தாண்டு இந்தியாவில் தங்கிய பின்னரே எஞ்சியோர் நாடு திரும்பினர். நூற்றுக்கணக்கான ஜெர்மானியர் ஒருங்கே இவ்வட்டாரத்தில் இருந்த காலம் அது. எனினும் சமயப் பணியாளரைப் பற்றிய நினைவு நிலைத்த அளவு இப்படைவீரரைப் பற்றிய நினைவு தமிழகத்தில் நிலைக்கவில்லை. காரணம் தெளிவானது. முன்னவருக்குப் பின்னால் அறிக்கை கேட்கும் நிறுவனமும் அவர்கள் உருவாக்கிய சபையும் இருந்தன. பின்னவருக்குப் பின்னால் கலைக்கப்பட்ட படைப்பிரிவின் ஏடுகள் மட்டுமே இருந்தன. வருகையாளரின் எண்ணிக்கையைக் காட்டிலும், அவர்களைத் தொடர்ந்து நினைவுகூரும் அமைப்பின் இருப்பே வரலாற்றைத் தீர்மானிக்கிறது.

கார்ல் ஓக்ஸும் மேல்பட்டாம்பாக்கமும்

1836-இல் டிரெஸ்டனில் உருவாகி 1848-இல் லைப்சிக்கிற்கு இடம்பெயர்ந்த ஜெர்மானிய மிஷன், பழைய தரங்கம்பாடிப் பணியின் வாரிசாயிற்று. 1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்ற பின்னர் அங்கிருந்த சபைப் பொறுப்புகள் படிப்படியாக இதன் கைக்கு வந்தன. இதன் இயக்குநர் கார்ல் கிரௌல் தமிழறிஞர் உலகம் நன்கறிந்தவர். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். 1849 முதல் 1853 வரை அவர் மேற்கொண்ட பயணத்தின் பயனாகவே அவருடைய தமிழ் நூல் வரிசை உருவாயிற்று.

அக்காலத்தில் தமிழகச் சபைகளில் கொதித்தெழுந்த சிக்கல் சாதி. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டொழித்தமைக்கு அடையாளமாகப் பிற சாதியார் சமைத்த உணவை உண்ணவேண்டும் எனச் சோதனை வகுத்தது. கிரௌல் இதனை ஏற்கவில்லை. சாதி பெரிதும் சமூக ஏற்பாடு. கட்டாயத்தால் அதனை ஒழிக்க இயலாது. நற்செய்தியின் செல்வாக்கால் அது காலப்போக்கில் கரையும் என்பது அவர் நிலைப்பாடு. இதனை லைப்சிக் தலைமை தன் கொள்கையாகக் கொண்டது. அம்மிஷனின் பணியாளரும் மாயூரத்தில் பணியாற்றியவருமான கார்ல் ஓக்ஸ் இக்கொள்கையை எதிர்த்தார். சபைக்குள் சாதி வேறுபாடு தொடர இடங்கொடுப்பது சபையின் அடிப்படைக்கே முரண் என அவர் வாதிட்டார். பிணக்கு முற்றி, 1850களின் இறுதியில் அவர் லைப்சிக் மிஷனிலிருந்து விலகினார்.

விலகியவர் நாடு திரும்பவில்லை. 1860களின் தொடக்கத்தில், இன்றைய விழுப்புரம்–கடலூர் இருப்புப்பாதையில் பண்ணுருட்டிக்கும் நெல்லிக்குப்பத்திற்கும் இடையிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் பெயரில் தம் பணியைத் தொடங்கினார். 1821-இல் நிறுவப்பட்டு அதுகாறும் தனக்கென இந்தியாவில் களம் அமைக்காதிருந்த டேனிய மிஷன் சங்கம் அவரை ஆதரித்து ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து பணி திருக்கோவிலூர், திருவண்ணாமலை முதலிய இடங்களுக்குப் பரவியது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய ஆர்க்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் இதுவே. லைப்சிக் மிஷனும் கடலூர், விழுப்புரம் வட்டாரத்தில் தன் பணியைத் தொடர்ந்தது. ஆக, ஒரே சமயப் பிரிவைச் சார்ந்த இரண்டு திருச்சபைகள் ஒரே மாவட்டத்தில் அருகருகே நிலைத்தமைக்கு ஜெர்மானியரிடையே எழுந்த ஆளுகைப் பிணக்கு ஒரு முதற்காரணமாயிற்று.

இந்நிகழ்வு வரலாற்றெழுதியலுக்கு இரு பாடங்களைத் தருகிறது. முதலாவது, தாயக நிறுவனத்தின் ஏடுகளில் ஓக்ஸ் கட்டுப்பாட்டை மீறியவராகவே தோன்றுவார். அவரை ஏற்ற நிறுவனத்தின் ஏடுகளில் முன்னோடியாகத் தோன்றுவார். ஓர் ஆவணக் காப்பகத்தை மட்டும் நம்பும் ஆய்வாளர் அக்காப்பகத்தின் தீர்ப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள நேரும். இரண்டாவது, இப்பிணக்கு இரு ஜெர்மானியரின் இறையியல் வேறுபாடாகப் பதிவாகியுள்ளதேயன்றி, அதனால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட தமிழ் மக்களின் குரலாகப் பதிவாகவில்லை. யாருடன் ஒரே பந்தியில் அமர்வது, யார் கையால் திருவிருந்து பெறுவது, யாருடைய பிள்ளை எந்த விடுதியில் தங்குவது என்பன ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அன்றாட வாழ்வின் வினாக்கள். உபதேசியார், பள்ளி ஆசிரியர், வேதாகமப் பெண்டிர் ஆகியோரே இக்கொள்கைகளை ஊர்களில் நடைமுறைப்படுத்தியவர்களும் எதிர்த்தவர்களும் ஆவர். 1733-இலேயே ஆரோன் என்னும் தமிழர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார் எனினும், ஆளும் குழுக்களில் தமிழர்க்கு இடம் கிடைக்க மேலும் இரு நூற்றாண்டு ஆயிற்று.

வெளியேற்றமும் பொறுப்பு மாற்றமும்

1914-இல் மூண்ட உலகப் போர் ஜெர்மானிய மிஷன்களைப் பகைநாட்டு நிறுவனங்களாக்கிற்று. படைப்பணிக்குரிய வயதினர் அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டனர். 1915-இலும் 1916-இலும் கோல்கொண்டா என்னும் கப்பலில் ஜெர்மானியப் பணியாளரும் குடும்பத்தாரும் திருப்பியனுப்பப்பட்டனர். மேற்குக் கடற்கரையில் பாசல் மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலைகளும் நெசவாலைகளும் காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறின. தமிழகத்தில் லைப்சிக் மிஷனின் பணிகளை, போரில் நடுநிலை வகித்த சுவீடன் நாட்டுத் திருச்சபை மிஷன் மேற்பார்த்தது. சுவீடன் பணியாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே லைப்சிக் மிஷனுடன் இணைந்து உழைத்தவர்கள் ஆதலின் இம்மாற்றம் முறிவின்றி நிகழ்ந்தது.

இந்த வெற்றிடத்தில்தான் 1919 சனவரி 14-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி அமைப்பாக நிறுவப்பட்டது. அனுப்பிய நாட்டின் சங்கம் ஆண்ட களம், தனக்கெனச் சட்டமும் பேரவையும் கொண்ட உள்ளூர் அமைப்பாக மாறியது இங்குதான். 1921-இல் எர்ன்ஸ்ட் ஹியூமன் தரங்கம்பாடியின் முதல் அத்தியட்சர் ஆனார். ஆயினும் ஆளுகை ஒரே நாளில் தமிழர் கைக்கு வந்துவிடவில்லை. முதல் மூன்று அத்தியட்சர்களும் சுவீடன் நாட்டு மிஷனைச் சார்ந்தோரே. நான்காவதாக 1956-இல் ராஜா பி. மாணிக்கம் பொறுப்பேற்றபோதே முதல் தமிழ் அத்தியட்சர் அமைந்தார். அமைப்புச் சட்டம் பிறந்ததற்கும் தலைமை மாறியதற்கும் இடையே முப்பத்தேழு ஆண்டு. 1920களில் ஜெர்மானியப் பணியாளர் மீண்டும் வர இசைவு பெற்றனர். இரண்டாம் உலகப் போரில் மீண்டும் முகாம்களில் அடைக்கப்பட்டோரும் உண்டு.

ஆவணக் காப்பின் நோக்கில் இக்காலம் முதன்மையானது. பணியாளர் திடீரென வெளியேற்றப்பட்டபோது, ஊர்களில் இருந்த ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கல்லறைப் பதிவேடு, பள்ளி வருகைப் பதிவேடு, நிலப் பத்திரம் ஆகியவை தமிழ்ப் போதகரிடமும் ஆசிரியரிடமுமே எஞ்சின. ஐரோப்பாவுக்குச் சென்றவை அறிக்கைகள். இங்கே தங்கியவை பதிவேடுகள். அறிக்கை பணியாளரின் எண்ணத்தைக் கூறும். பதிவேடு ஊர் மக்களின் பெயரையும் தொழிலையும் குடும்பத்தையும் கூறும். வட்டார வரலாற்றுக்குப் பின்னதே அடிப்படைச் சான்று. காகிதக் காப்புக்கென்று அமையாத கட்டடங்களில் கரையானுக்கும் ஈரத்திற்கும் இலக்காகக் கூடியதும் பின்னதே.

ஆரோவில்: குடியேறிகளும் ஆளுகைச் சட்டமும்

இவ்வட்டாரத்தில் ஜெர்மானியர் முதன்முறையாக அனுப்பப்பட்டவராக அன்றித் தாமே விரும்பி வந்த குடியேறிகளாக வாழும் இடம் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கப்பட்ட இந்நகரின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ளது. இங்கு வாழும் பன்னாட்டவருள் இந்தியர், பிரெஞ்சுக்காரர் ஆகியோருடன் ஜெர்மானியரும் பெரிய குழுவினர். குயிலாப்பாளையம், இடையன்சாவடி முதலிய தமிழ் ஊர்களின் வாழ்வு இக்குடியேற்றத்தோடு பின்னிப் பிணைந்தது.

1973-இல் அன்னை மறைந்த பின்னர், ஆரோவிலின் சொத்தையும் நிருவாகத்தையும் ஆள்வது யார் என்பதில் ஸ்ரீ அரவிந்தர் சங்கத்திற்கும் குடியிருப்போர்க்கும் இடையே பிணக்கு எழுந்தது. நடுவண் அரசு 1980-இல் அவசர ஏற்பாட்டுச் சட்டத்தின் வாயிலாக நிருவாகத்தை ஏற்றது. அச்சட்டம் சமய உரிமையைப் பறிப்பதாகத் தொடரப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 1982-இல் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 1988-இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் நிரந்தர ஏற்பாட்டை வகுத்தது. நடுவண் அரசு நியமிக்கும் ஆட்சிக் குழு, பதினெட்டு வயது நிறைந்து பதிவேட்டில் இடம்பெற்ற குடியிருப்போர் அனைவரையும் கொண்ட குடியிருப்போர் பேரவை, பன்னாட்டு ஆலோசனைக் குழு என மூன்று உறுப்புகள் அமைந்தன.

மேல்பட்டாம்பாக்கத்தையும் ஆரோவிலையும் பிரிக்கும் காலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல். ஆயினும் எழுந்த வினா ஒன்றே. களத்தில் வாழ்வோர்க்கும் களத்திற்கு வெளியே சொத்தும் பொறுப்பும் உடைய அமைப்புக்கும் இடையே முடிவெடுக்கும் உரிமை எவ்வாறு பங்கிடப்படும்? ஆரோவிலில் இதற்கு விடை சட்டத்தில் எழுதப்பட்டது. அதில் பேரவையின் உறுப்புரிமை ஒரு பதிவேட்டைச் சார்ந்தது என்பது கருதத்தக்கது. பதிவேட்டை வைத்திருப்பவர் அமைப்பின் எல்லையை வரைகிறார். பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் சுற்றுப்புற ஊர் மக்கள் நிலம் விற்றவர்களாகவும் கட்டடம் எழுப்பியவர்களாகவும் அவ்வரலாற்றின் உள்ளே இருக்கின்றனர். ஆளுகையில் வெளியே இருக்கின்றனர்.

காப்பகங்களும் அவற்றின் தலைமையும்

ஹாலேயின் பிராங்கே அறநிலையங்கள் 1946-இல் தன்னுரிமை இழந்து, ஜெர்மனி ஒன்றிணைந்த பின்னர் 1990களின் தொடக்கத்தில் மீட்டெடுக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் அங்கிருந்த தமிழக ஆவணங்கள் முழுதும் மறக்கப்படாமைக்கு, தமிழகத்தில் லைப்சிக் மிஷன் பணியாளராக இருந்து பின்னர் ஹாலேயில் பேராசிரியரான ஆர்னோ லேமன் முதன்மைக் காரணர். 2006-இல் தரங்கம்பாடி வருகையின் முந்நூறாம் ஆண்டை ஒட்டி விரிவான ஆய்வுத் தொகுதிகள் வெளிவந்தன. 2002-இல் டென்மார்க்கில் அமைந்த தரங்கம்பாடிச் சங்கம் அவ்வூரின் டேனியக் கட்டடங்களைப் பேணும் பணியில் ஈடுபட்டது. 2017-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு இல்லம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஹாலே அறநிலையங்களும் தமிழகத் திருச்சபையும் அதில் இணைந்து பணியாற்றின.

இம்முயற்சிகள் போற்றத்தக்கவை. எனினும் அவை தரங்கம்பாடியை மையமிட்டவை. தென்னார்க்காட்டின் உட்பகுதிக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. கார்ஸ்டின் 1878-இல் வெளியிட்ட தென்னார்க்காடு மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் 1906-இல் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியும், ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் தொகுத்த கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலும் இவ்வட்டார ஆய்வுக்கு இன்றும் தொடக்கக் கருவிகளாக உள்ளன. இவை மூன்றும் குடியேற்ற ஆட்சியின் அலுவலர் தொகுத்தவை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

உள்ளூர்ச் சங்கம்: விதிகள் எதைக் காக்கவேண்டும்

வரலாற்றையும் மொழியையும் பேணச் சங்கம் அமைப்பது தமிழர்க்குப் புதிதன்று. 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கமும் 1911-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கமும் நூலகம், இதழ், ஏட்டுச் சுவடி என்னும் மூன்றையும் ஒருங்கே பேணின. விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் மையமாகக் கொண்டு ஒரு வரலாற்றுச் சங்கம் அமைவதற்குரிய சட்ட வழி 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது எழுவர் கையொப்பமிட்டு, நோக்கங்களைக் கூறும் மூல ஆவணத்தையும் விதிகளையும் மாவட்டப் பதிவாளரிடம் அளிக்கவேண்டும். மூவருக்குக் குறையாத நிருவாகக் குழு, மூன்றாண்டுக்கு மிகாத பதவிக்காலம், ஆண்டுப் பொதுக்கூட்டம், தணிக்கை செய்யப்பட்ட கணக்கு ஆகியன சட்டம் விதிப்பவை. வெளிநாட்டு நன்கொடை பெறுவதாயின் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் இசைவோ வேண்டும்.

சட்டம் குறைந்த அளவை வகுக்கிறது. மேலே கண்ட வரலாறு அதற்கு மேலும் நான்கு நெறிகளை வேண்டுகிறது.

முதலாவது உறுப்புரிமை. ஜெர்மானியர் வழிவந்தோர் அல்லது குறிப்பிட்ட திருச்சபையினர் மட்டுமே உறுப்பினர் எனக் கொள்ளும் சங்கம், வரலாற்றில் பங்குகொண்ட பெரும்பான்மையோரை விலக்கிவிடும். பென்சில்வேனியச் சங்கத்தில் வந்தவர்களும் அவர்தம் வழியினருமே உறுப்பினராயிருக்க இயன்றது. ஏனெனில் அங்கே அவர்கள் குடும்பங்களாக நிலைத்தனர். இங்கோ நிலைத்தவர்கள் உபதேசியார், ஆசிரியர், சமையலர், கொத்தனார், மாணவர் ஆகியோரின் வழியினர். ஜெர்மானியர் வரலாற்றுக்குத் தமிழகத்தில் வாரிசு தமிழரே. சாதி, சமயம், திருச்சபை கடந்த உறுப்புரிமையை விதியிலேயே எழுதுவது ஓக்ஸ் காலத்துப் பிணக்கு கற்பித்த பாடம்.

இரண்டாவது ஆவண உரிமை. பதிவேடுகள் சபைகளுக்கும் குடும்பங்களுக்கும் உரியவை. சங்கம் அவற்றைத் தன் உடைமையாக்கிக் கொள்ள முயன்றால் நம்பிக்கை குலையும். மூல ஏடு உரியவரிடமே இருக்க, மின்படிமம் மட்டும் சங்கத்தில் அமைவதும், அதன் பயன்பாட்டு நிபந்தனைகள் எழுத்தில் இருப்பதும் தகும். உயிருடன் இருப்போரின் குடும்ப விவரம் அடங்கிய பதிவுகளுக்குக் கால வரையறை தேவை. சங்கம் கலைய நேரின் தொகுப்பு எங்குச் செல்லும் என்பதும் தொடக்கத்திலேயே முடிவு செய்யப்படவேண்டும். 1915-இல் நேர்ந்ததைப் போல அமைப்பு ஒரே நாளில் தலைமையை இழக்கக்கூடும்.

மூன்றாவது மொழி. ஜெர்மன், டேனிய, ஆங்கில ஆவணங்களின் தமிழ்ச் சுருக்கம் இன்றேல் உள்ளூர் உறுப்பினர் வாசகராகக் கூட ஆக இயலாது. அட்டவணையும் கூட்டக் குறிப்பும் வெளியீடும் தமிழில் அமைவது வசதிக்கான ஏற்பாடு மட்டுமன்று. ஆளுகைப் பங்கீட்டின் முன்நிபந்தனை. கோப்பன்ஹேகன் குழுமத்தின் தீர்மானங்களைத் தரங்கம்பாடித் தமிழர் படிக்க இயலாதிருந்த நிலை மீண்டும் நேரலாகாது.

நான்காவது பதிப்புச் சுதந்திரம். நன்கொடையாளரோ திருச்சபையோ விரும்பாத செய்தியையும் சான்று இருப்பின் வெளியிடும் உரிமை, நிருவாகக் குழுவிலிருந்து வேறுபட்ட பதிப்புக் குழுவிடம் இருத்தல் நன்று. சீகன்பால்குவின் நூல் அச்சேற ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்தது. சாதி, நிலம், பணம் பற்றிய பதிவுகள் இத்தகைய தடைக்கு எளிதில் இலக்காகும்.

முடிவுரை

தென்னார்க்காட்டிற்கு வந்த ஜெர்மானியர் மூவகையினர். தாயகச் சங்கத்தின் ஆணைப்படி வந்த பணியாளர், கூலிப் படையாக வந்த வீரர், தாமே விரும்பி வந்த குடியேறிகள். முதல் வகையினரின் வரலாறு தாயக நிறுவனத்தின் நோக்கிலும், இரண்டாம் வகையினரின் வரலாறு படை ஏடுகளிலும், மூன்றாம் வகையினரின் வரலாறு சட்டம் வகுத்த அமைப்புக்குள்ளும் பதிவாயின. மூன்றிலும் உள்ளூர்த் தமிழ் மக்கள் பங்காளராக இருந்தும் பதிவாளராக இல்லை. உறுப்புரிமை, சொத்துரிமை, எழுதும் உரிமை ஆகிய மூன்றும் அவர்களிடம் சேராமையே இதற்குக் காரணம் என்பது மேற்கண்ட சான்றுகளால் பெறப்படும்.

ஹாலேயிலும் கோப்பன்ஹேகனிலும் நியூ பிரன்சுவிக்கிலும் உள்ள ஏடுகள் பாதுகாப்பாக உள்ளன. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து ஆலயங்களிலும் பள்ளிகளிலும் வீடுகளிலும் உள்ள பதிவேடுகளுக்கும், முதியோர் நினைவில் உள்ள செய்திகளுக்கும் அத்தகைய பாதுகாப்பு இல்லை. அறிக்கைகளையும் பதிவேடுகளையும் ஒருங்கு வைத்துப் படித்தாலன்றி இவ்வட்டாரத்தின் வரலாறு முழுமையுறாது. அப்பணியைத் தொடங்க எழுவர் கையொப்பமும் தெளிவான விதிகளும் போதும். அதனைத் தொடர அவ்விதிகள் யாரை உள்ளே அழைக்கின்றன என்பதில் கருத்தூன்ற வேண்டும்.